எரிந்துபோன சித்திரங்கள்

சிங்கையில் டோபி காட் என்னும் இடம், ஸ்டாம்போர்டு வாய்க்காலில் துணி வெளுத்த இந்தியத் தொழிலாளரால் பெயர் பெற்றது. 1939-ஆம் ஆண்டில் அங்கே கேத்தே படக்கொட்டகை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவில் 'கான் வித் த விண்ட்' என்னும் படம் வெளியாயிற்று. அதன் காட்சிகளை வில்லியம் கேமரான் மென்சீஸ் என்பவர் முன்னதாகவே தாளில் வரைந்து வைத்தார். ஸ்டோரிபோர்டு என்பது இதுவே. காமிரா எங்கே, ஆள் எங்கே, வெளிச்சம் எங்கே என்பதோடு, யாரைக் காட்டுவது, யாரை விடுவது என்பதும் அத்தாளிலேயே முடிவாகிவிடுகிறது. நமக்கு முக்கியமானது இந்தக் கடைசி விஷயமே.

1943-இல் ஜப்பானிய ராணுவம் யசுஜிரோ ஓசு என்னும் டைரக்டரைச் சிங்கைக்கு அனுப்பிற்று. படம் பிடிப்பதற்கான பிரதியில் காட்சிகளைச் சிறு சித்திரங்களாகக் குறித்துக்கொள்ளும் வழக்கமுடையவர் அவர். இந்திய விடுதலைப் போரைப் பற்றி, டில்லியை நோக்கிச் செல்வோம் என்ற பொருளில் ஒரு படம் எடுப்பது அவருக்கிட்ட வேலை. கேத்தே மாளிகை அப்பொழுது ஜப்பானியரின் பிரசார நிலையமாயிருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-இல் சுபாஷ் சந்திர போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசாங்கத்தைப் பிரகடனம் செய்ததும் அங்கேதான். பால்வெட்டும் கத்தியை வைத்துவிட்டுத் துப்பாக்கி எடுத்தவர்கள் நம் தோட்டத் தமிழர்; ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த பெண்களிலும் நம் லயத்துப் பிள்ளைகள் பலர்.

ஆனால் அதே 1943-இல், அதே லயங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்டனர். ஓசுவின் தாளில் அவர்களுக்கு ஒரு கட்டமேனும் இருந்திருக்குமா? பிரசார நிலையத்தின் கட்டளைக்கு உட்பட்ட படத்தில் இருந்திராது என்பதே நமது எண்ணம். செக்ரோல் எழுதிப் பழகிய கை இது; பெயர் விட்டுப்போனால் கூலியும் போயிற்று என்பதை நாம் நன்கு அறிவோம்.

படமோ முடியவில்லை. ஜப்பானியர் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களை ஓசு சிங்கையிலிருந்தபடியே பார்த்தார்; 'கான் வித் த விண்ட்' படமும் அவற்றுள் ஒன்று. 1945-இல் ஜப்பான் தோற்றதும் கதைப் பிரதியும் பிடித்த பிலிமும் தீக்கிரையாக்கப்பட்டன. நம்மவர் முகங்கள் அதில் எவ்வாறு அமைந்திருந்தன என்று பார்க்க இன்று ஒரு தாளும் இல்லை. ஓசு ஜூரோங் முகாமில் அடைக்கப்பட்டார். 1946-இல் தாயகம் திரும்புமுன் அவருக்கு இடப்பட்ட வேலை, ரப்பர் தோட்டத்தில்.