பட்டியலுக்கு வெளியே ஓடியவள்

நூற்றாண்டு மலருக்கு விளையாட்டு வரலாறு பற்றி எழுதப் பணித்தபோது வலைப்பந்து, அஞ்சல் ஓட்டம், மரதன் என்றே நாம் பேசிக்கொண்டோம். சைக்கிளை யாரும் நினைக்கவில்லை. நினைக்கவும் வழியில்லை. பெரகலையிலிருந்து கொஸ்லந்தை வழியே வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியைத் தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. மீரியபெத்தயிலிருந்து பாடசாலைக்கு நடைதான்.

ஆயினும் நூறு ஆண்டுகளுக்கு முன் இதைவிடக் கடுமையான மலைப்பாதைகளில் சைக்கிள் பந்தயம் ஓடிய ஒரு பெண் இருந்தார். இத்தாலியில் 1891 இல் பிறந்த அல்போன்சினா ஸ்ட்ராடா. பெற்றோர் நாட்கூலிகள். நம்மவர்களுக்கு அவர் அந்நியர் அல்லர் என்று சொல்லத் தோன்றுவது இதனால்தான். பத்து வயதளவில் தந்தை கொண்டுவந்த பழைய சைக்கிளில் பழகினார். பாவாடை கட்டிய பிசாசு என்று ஊரார் ஏசினர். பந்தயத்தையே பிழைப்பாக்கிக்கொண்ட அவர், 1917 இல் ஆண்களுக்கான லொம்பார்டி பந்தயத்தில் கலந்து கடைசியாக வந்து சேர்ந்தார். மறு ஆண்டும் ஓடினார். இம்முறை கடைசி அல்ல.

1924 இல் நடந்ததே பெரிய கதை. இத்தாலியைச் சுற்றி வரும் ஜீரோ பந்தயத்துக்கு, பணத் தகராறினால் பெரிய அணிகள் வரவில்லை. இடத்தை நிரப்பத் தனியாள்களைச் சேர்த்தார்கள். அல்போன்சினாவின் பெயர் கடைசி எழுத்து இல்லாமல் ‘அல்போன்சின்’ என்று ஆண் பெயர்போலப் பட்டியலில் வந்தது. 12 கட்டங்கள், 3,613 கிலோமீற்றர். இன்றைய கியர் வசதி அன்றைய வண்டிகளில் கிடையாது. வீதிகளோ கல்லும் சேறும். எட்டாம் கட்டத்தில் மழை, காற்று, விழுகை. கைப்பிடி முறிந்தது. விளக்குமாற்றுக் கம்பு ஒன்றைச் செருகிக் கட்டிக்கொண்டு ஓட்டினார். பெருஜியாவை அடைந்தபோது நேரம் கடந்துவிட்டது; விதிப்படி நீக்கம்.

வீதியோரம் மக்கள் திரண்டது அவரைப் பார்க்கத்தான் என்பது ஏற்பாட்டாளருக்குத் தெரியும். எனவே ஓடலாம், ஆனால் கணக்கில் வராது என்றார்கள். அவர் ஓடினார். புறப்பட்ட 90 பேரில் 30 பேரே முறைப்படி மிலான் வந்தனர். அவரும் வந்தார், அந்த முப்பதில் அவர் இல்லை. அடுத்த ஆண்டுகளில் அவரை மீண்டும் சேர்க்க மறுத்தனர். கண்காட்சி ஓட்டங்களில் சம்பாதித்தார், பின் மிலானில் சைக்கிள் கடை நடத்தினார். பெண்களுக்கு உலக வீதிப் போட்டி 1958 இல்தான் வந்தது. மறு ஆண்டு அவர் காலமானார்.

உழைப்பு உண்டு, கணக்கில் பெயர் இல்லை: இது நமக்குப் புதிதா? 1948 இன் குடியுரிமைச் சட்டம் நம் தாய்மாரையும் பாட்டிமாரையும் நாடற்றோராக்கியது. அவர்கள் பறித்த கொழுந்து மட்டும் தவறாமல் நிறுக்கப்பட்டது. ஒலிம்பிக்கில் பெண்களின் வீதிச் சைக்கிள் போட்டி முதன்முதலில் 1984 இல் நடந்தது. தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான். தற்செயலே, என்றாலும் இரண்டையும் சேர்த்தே நினைவு வைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். கல்லுடைப்பவரும் வயற்கூலியும் அதில் இருந்தனர். அங்கே நிலம் சமதரை. நமக்கு வாய்த்தது ஒற்றையடிப் பாதை. 2014 ஒக்டோபர் 29 காலை மீரியபெத்த லயங்களை மண் மூடியபோது, அப்பாதையால் பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினர். சிலருக்குத் திரும்பிப் போக வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

இம்மலரின் பின்பக்கத்துப் பெயர்ப் பட்டியல் சாதாரண தரம் முடித்தவர்களோடு நிற்கிறது. ஐந்தாம் வகுப்போடு கூடையைத் தலையில் மாட்டி மலைக்குப் போன நம் வகுப்புத் தோழிகள் அதில் இல்லை. அவர்களுக்கும் இடம் வேண்டும் என்று மலர்க் குழுவிடம் கேட்டிருக்கிறோம். பெயர் நினைவுள்ள சகோதரிகள் எங்கிருந்தாலும் எழுதி அனுப்புங்கள். படித்த ஆண்டு தெரியாவிட்டாலும் பரவாயில்லை.