சூயிங்கத்திலிருந்து மணிக்கட்டுக்கு

1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர். அங்கே ஒரு பல்பொருள் அங்காடியில் ரிக்லி சூயிங்கம் பாக்கெட் ஒன்றைக் கல்லாவில் தேய்த்தார்கள். அதன் மேலிருந்த கறுப்பு வெள்ளைக் கோடுகளை இயந்திரம் படித்து விலையைச் சொன்னது. இன்று எல்லாப் பொருளிலும் பார்க்கிற பார்கோடு கொண்ட பொருள் ஒன்று கடையில் விலைபோன முதல் நாள் அது.

அந்தக் கோடுகளை நோயாளியின் படுக்கைக்குக் கூட்டி வந்தவர் ஒரு நர்ஸ். கான்சாஸ் மாநிலம் டொபீகாவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த சூ கின்னிக், 1992-இல் வாடகைக் கார் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். ஊழியர் கைக்கருவியைக் காரிலிருந்த பார்கோடுமீது காட்டினார். கணக்கு அங்கேயே முடிந்தது. காருக்குச் செய்வதை மருந்துக்கும் செய்யலாமே என்று அவருக்குப் பட்டது. நோயாளியின் கைப்பட்டையில் ஒரு கோடு, மாத்திரை உறையில் ஒரு கோடு. இரண்டையும் ஸ்கேன் செய்தால், இந்த மருந்து இவருக்குத்தானா, இந்த வேளைக்குத்தானா என்று கணினி பார்த்துச் சொல்லிவிடும். டொபீகாவில் செய்து பார்த்த ஏற்பாடு சில ஆண்டுகளில் நாடெங்கும் உள்ள படைவீரர் மருத்துவமனைகளுக்குப் போனது. மருந்து உறைகளில் பார்கோடு கட்டாயம் என்று 2004-இல் அரசே விதி போட்டது.

கருவி வார்டுக்கு வந்ததும் அடுத்த கேள்வி வந்தது: நர்ஸுகளுக்கு இதெல்லாம் தெரியுமா? நான்சி ஸ்டாகர்ஸும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2002-இல் செவிலியருக்கு வேண்டிய தகவல் தொழில்நுட்பத் திறன்களைப் பட்டியலிட்டார்கள். வல்லுநர்கள் ஏற்றுக்கொண்டவை மட்டுமே 281. பிறகு, 2009-இல், 30 கேள்விகளில் அடங்கும் ஓர் அளவுகோலும் வந்தது. எனக்கு இவ்வளவு தெரியும் என்று செவிலியர் தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி எங்கே தேவை என்று தெரிந்துகொள்ள இது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நடு இரவில் வார்டில் நடப்பது அந்தத் தாளில் ஏறாது.

ராஸ் கோப்பல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவினரும் ஐந்து மருத்துவமனைகளில் பார்கோடு வைத்து மருந்து கொடுப்பதைக் கூடவே நின்று கவனித்து 2008-இல் எழுதினார்கள். முறையைச் சுற்றிக்கொண்டு போகும் 15 வகைக் குறுக்கு வழிகளைக் கண்டார்கள். கைப்பட்டைப் பார்கோடை இன்னொரு பிரதி எடுத்து மருந்து வண்டியிலோ கதவுச் சட்டத்திலோ ஒட்டிவைப்பது அதில் ஒன்று. பலருடைய மருந்தையும் முன்கூட்டியே ஸ்கேன் செய்து ஒரே வண்டியில் தள்ளிக்கொண்டு போவது இன்னொன்று. எந்தத் தவறைத் தடுக்கக் கருவி வந்ததோ, அதே தவறுக்கு இது வாசல் திறந்துவிடும். நர்ஸுக்குக் கணினி தெரியவில்லை என்று சொல்லிவிடுவது எளிது.

ஆனால் குறுக்கு வழிகளுக்கான காரணங்களையும் கோப்பல் குழுவினர் எண்ணினார்கள்: 31. நனைந்த பட்டை, நோயாளி கடித்து மென்ற பட்டை, கசங்கி மை கலைந்த மருந்து உறை, சார்ஜ் இறங்கிய பேட்டரி, அறைக்கு அறை விட்டுப்போகும் வயர்லெஸ். தூங்குகிறவரின் கை போர்வைக்குள்ளே, உடம்புக்கு அடியில் மாட்டியிருக்கிறது. டிரிப்ஸ் ஏறுகிற கை. அதை இழுத்துத் திருப்பினால் வலியில் விழித்துக்கொள்வார். அடுத்த அறையில் அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த நேரத்தில் குறுக்கு வழி எடுக்கிறவரிடம் அறிவுக் குறைவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்குக் கருவி நன்றாகவே தெரியும். அதை எப்படி ஏமாற்றுவது என்பது வரை தெரியும்.

அதனால் திறனை மதிப்பிட வருகிறவர் தாளோடு நிற்காமல் ஓர் இரவு முழுக்க நர்ஸின் கூடவே நடக்க வேண்டும் என்கிறேன். கதவுச் சட்டத்தில் ஒட்டிய பார்கோடு கண்ணில் பட்டால், நர்ஸின் பெயருக்கு நேரே மதிப்பெண்ணைக் குறைக்கும் முன் அறைக்குள் போய் நோயாளியின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்க்கட்டும்: பட்டை இருக்கிறதா, காய்ந்திருக்கிறதா, கோடு தெரிகிறதா.