லேத்தில் சூடு, மில்லிங்கில் அடி

ஆக்சில், கியர் ஷாஃப்ட், உயர்வலிமை போல்ட் என்று பாரம் தாங்கும் உறுப்புகளுக்குப் பட்டறைகளில் அதிகம் புழங்கும் கலப்பு எஃகு இஎன் 19. குரோமியமும் மாலிப்டினமும் கலந்தது. அமெரிக்கத் தர முறையில் 4140 இதற்கு நெருக்கமானது. ஹார்டனிங், டெம்பரிங் முடித்து 30 ஹெச்ஆர்சி கடினத்தன்மையில் வரும் இந்த எஃகைக் கோட்டிங் உள்ள கார்பைடு இன்செர்ட்டால் லேத்திலும் கடையலாம், மில்லிங்கிலும் வெட்டலாம். ஆனால் இன்செர்ட் சாகும் விதம் இரண்டிலும் ஒன்றல்ல.

வெட்டு வேகம் நிமிடத்துக்கு 150 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மி.மீ. ஷாஃப்ட்டைக் கடைய லேத் சுமார் 955 ஆர்பிஎம்மில் சுற்ற வேண்டும். 50 மி.மீ. மில்லிங் கட்டருக்கும் அதே 955தான். கணக்கில் வரும் விட்டம் அங்கே ஜாபுடையது, இங்கே கட்டருடையது. லேத்தில் டூல் எஃகுக்குள் இறங்கினால் பாஸ் முடியும்வரை வெளியே வராது. மில்லிங்கிலோ ஒவ்வொரு இன்செர்ட்டும் நொடிக்குப் பதினாறு முறை எஃகில் மோதுகிறது. பதினாறு முறை வெளியே வந்து ஆறுகிறது.

விடாமல் உரசும் உலோகச் சில்லின் சூட்டில், லேத் இன்செர்ட்டின் மேல்முகத்தில் குழி விழும், பக்கவாட்டு முகம் தேயும். 1906இல் எஃப். டபிள்யூ. டெய்லர் வெளியிட்ட டூல் ஆயுள் ஆய்வின் வழியில் பார்த்தால், கார்பைடில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினாலே ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். மில்லிங்கில் சூடும் குளிர்ச்சியும் மாறிமாறித் தாக்குவதால், வெட்டும் விளிம்புக்குக் குறுக்கே சீப்புப் பல் போல வரிசையாக விரிசல் விடும். பிறகு விளிம்பே பொரிந்து உதிரும்.

கூலன்ட் விஷயத்தில் இரண்டும் நேர் எதிர். லேத்தில் அதைத் தாராளமாக, இடைவிடாமல் பாய்ச்சலாம். மில்லிங்கில் அதே கூலன்ட் விரிசலை விரைவுபடுத்தும். ரஃபிங்குக்குக் காற்று அடித்துச் சில்லை வெளியேற்றினால் போதும்.

இன்செர்ட் தரமும் மாறும். லேத்துக்குச் சூடு தாங்கும் பி15 முதல் பி25 வரை. மில்லிங்குக்கு அடி தாங்கும் பி30 முதல் பி40 வரை.

சில்லு லேத்துக்குத் தலைவலி. ஃபீடு மிகக் குறைந்தால் சிப் பிரேக்கர் வேலை செய்யாது. நீளச் சுருள் சக்கில் சுற்றும். சுற்றுக்கு 0.25 மி.மீ. கொடுத்தால் பெரும்பாலும் துண்டாகும். மில்லிங்கில் சில்லு தானே துண்டாகிறது; அங்கே பார்க்க வேண்டியது கட்டர் நுழையும் திசை. சில்லு தடித்துத் தொடங்கி மெலிந்து முடியும் கிளைம்ப் மில்லிங் இன்செர்ட்டுக்கு நல்லது. ஆனால் ஸ்க்ரூவில் பேக்லாஷ் உள்ள பழைய மெஷினில் கட்டர் டேபிளையே இழுத்துவிடும். அங்கே இதற்கு எதிர்த்திசையிலான கன்வென்ஷனல் மில்லிங்தான் பாதுகாப்பு.

ஆகவே லேத்தில் பலித்த வழக்கத்தை மில்லிங்குக்கு அப்படியே கொண்டுபோகக் கூடாது. இன்செர்ட்டைக் கழற்றி எறியும்முன் லென்ஸில் பாருங்கள்: குழி தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், குறுக்கு விரிசல் தெரிந்தால் கூலன்ட்டை நிறுத்துங்கள்.