அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். பென்ஷன் மட்டும் வேறா? துணை ராணுவத்தினர் கேட்பது என்ன?

ஏர்போர்ட்டில் நம் பையைச் சோதிப்பவர் சிஐஎஸ்எஃப் வீரர். காஷ்மீரில் ரோந்து போகிறவர் சிஆர்பிஎஃப் வீரர். வங்கதேச எல்லையில் காவல் நிற்பவர் பிஎஸ்எஃப் வீரர். 'துணை ராணுவம்' என்றுதான் இவர்களை அழைக்கிறோம். ஆனால், ராணுவ வீரருக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் இவர்களுக்கு இல்லை. ஏன்?

சம்பளத்தில் என்ன வித்தியாசம்?

ஏழாவது ஊதியக் குழுவின்படி ராணுவச் சிப்பாய், சிஆர்பிஎஃப் கான்ஸ்டபிள் இருவருக்குமே தொடக்க அடிப்படைச் சம்பளம் ரூ.21,700. ஆனால் சிப்பாய்க்கு 'ராணுவ சேவை ஊதியம்' என மாதம் ரூ.5,200 கூடுதலாக உண்டு. துணை ராணுவத்துக்கு அது கிடையாது. 'ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்' திட்டமும் முப்படையினருக்கு மட்டும்தான்.

பென்ஷனில் என்ன சிக்கல்?

2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு என்பிஎஸ் எனும் புதிய ஓய்வூதியத் திட்டம் வந்தது. முப்படைகளுக்கு மட்டும் விலக்கு.

பழைய திட்டத்தில் கடைசி அடிப்படைச் சம்பளம் ரூ.50,000 என்றால் பென்ஷன் ரூ.25,000, அதோடு அகவிலைப்படியும் உண்டு. கையிலிருந்து எதுவும் கட்ட வேண்டாம். என்பிஎஸ்-ல் வீரர் மாதம் 10%, அரசு 14% செலுத்தும். எவ்வளவு பென்ஷன் வரும் என்பது சந்தையைப் பொறுத்தது.

2025 ஏப்ரலில் வந்த யுபிஎஸ் திட்டம் 25 ஆண்டுகள் பணியாற்றினால் 50% பென்ஷனுக்கு உறுதி தருகிறது. ஆனால் அதிலும் 10% பிடித்தம் உண்டு.

பணியின்போது உயிரிழந்தால்?

'என்பிஎஸ்-ல இருந்தா குடும்பத்துக்கு ஒண்ணுமே கிடைக்காது' என்று பலர் சொல்வது சரியல்ல. பணியில் இருக்கும்போது இறப்பு நேர்ந்தால், பழைய விதிகளின்படியே குடும்ப ஓய்வூதியம் பெற வழி இருக்கிறது. சிக்கல், பணியை முடித்து வீடு திரும்புகிறவருக்குத்தான்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2023 ஜனவரி 11-ல் டெல்லி உயர் நீதிமன்றம், மத்திய ஆயுத போலீஸ் படைகளும் 'ஒன்றியத்தின் ஆயுதப் படைகள்'தான், பழைய பென்ஷன் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் சென்றது. தீர்ப்புக்கு இடைக்காலத் தடை கிடைத்தது. இந்தப் படைகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இல்லை, உள்துறையின் கீழ் வருகின்றன என்பது அரசுத் தரப்பு வாதம்.

எதுவுமே மாறவில்லையா?

மாறியிருக்கிறது. ஒரு படையில் 57, இன்னொன்றில் 60 என்றிருந்த ஓய்வு வயது, 2019-ல் எல்லாருக்கும் 60 ஆனது. பதவி உயர்வு தேங்குவதாக அதிகாரிகள் தொடர்ந்த வழக்கில், ஐஜி நிலை வரை ஐபிஎஸ் அதிகாரிகளுக்கான இடங்களை இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்படியாகக் குறைக்க உச்ச நீதிமன்றம் 2025 மே 23-ல் உத்தரவிட்டது.

ஆக, மொத்த விவகாரமும் ஒரு கேள்வியில்தான் நிற்கிறது: இவர்கள் போலீஸா, ஆயுதப் படையா? பணி தரும்போது ஆயுதப் படை, பென்ஷன் தரும்போது மட்டும் சிவில் ஊழியரா என்பதுதான் வீரர்கள் கேட்பது.