மடக்கெழுத்தாணி

பேனாக்கத்தி என்று நாம் வழங்கும் சிறு மடக்குக் கத்திக்கு அப்பெயர் எங்ஙனம் வந்தது? பேனாவைப் போலச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதனால் வந்தது என்று மாணவர் சிலர் விடையளிப்பர். காரணம் வேறு. ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் வாத்தின் இறகைச் சீவி, மையில் தோய்த்து எழுதி வந்தனர். எழுத எழுத இறகின் முனை மழுங்கும். மீண்டும் சீவ வேண்டும். அதற்கென எழுதுவோர் வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் நகரத் தொழிற்சாலைகள் எஃகு முனைகளை மலிவாகச் செய்து குவித்தன. இறகு மறைந்தது, கத்தியும் அதன் பெயரும் எஞ்சின.

தமிழரிடமும் இத்தகைய கத்தி ஒன்று இருந்தது. அதன் பெயர் மடக்கெழுத்தாணி. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் இப்பெயரை நான் படித்ததுண்டு, பொருளைப் பார்த்ததில்லை. அதைக் கண்ணாற் கண்டது செலண்டார் வட்டாரத் தோட்டமொன்றில், வயது முதிர்ந்த பாட்டி ஒருவர் வீட்டில்தான். அவருடைய தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் அது கிடந்தது. கொம்பினாலான கைப்பிடி, ஒரு முனையில் மடங்கிய சிறு கத்தி, மறுமுனையில் மடங்கிய இரும்பு ஊசி. "எங்க தாத்தா ஊர்லேருந்து கொண்டாந்தது, வாத்தியாரய்யா. கத்தி பாக்கு நறுக்க, ஊசி முள்ளெடுக்க" என்றார் அம்மூதாட்டி.

அது முள்ளெடுக்கச் செய்த ஊசியன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திரம்' என்னும் நூலில், தம் இளமைக் காலத்து எழுத்தாணி வகைகளை விளக்குகிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்பன அவை. மடக்கெழுத்தாணியின் ஒரு புறம் எழுதும் ஊசியும், மறுபுறம் ஓலையை வாரும் கத்தியும் இருக்கும். இரண்டையும் பிடிக்குள் மடக்கிக்கொள்ளலாம். ஐயரவர்கள் 1855இல் பிறந்தவர். ஆதலின் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அது வழக்கில் இருந்த கருவி என்பது தெளிவு.

எழுத்தாணிக்குக் கத்தி எதற்கு? பனையோலையைப் பதப்படுத்தி உலர்த்திய பின், நரம்பை நீக்கி, ஓரங்களை ஒரே அளவாக வாரினால்தான் ஏடுகள் சுவடியில் ஒழுங்காக அடங்கும். அதன் பிறகே எழுத்து. எழுத்தாணி ஓலையின்மேல் மை தீட்டுவதில்லை, கீறிச் செல்கிறது. பின்னர் கரிமையைத் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் மை தங்கி எழுத்துத் தோன்றும். அழுத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் பலர் புள்ளியிடாமலே எழுதினர். பழஞ்சுவடிகளில் மெய் எது, உயிர்மெய் எது என்று பதிப்பாசிரியர்கள் திண்டாடியதற்கு இந்த இரும்பு முனையும் ஒரு காரணம்.

நம் அண்டை நாட்டிலும் இதற்கு உறவு உண்டு. பாலித் தீவினர் 'லொந்தார்' எனப்படும் பனையோலைச் சுவடிகளை எழுதப் 'பெங்ருபாக்' என்னும் சிறு கத்தியையே பயன்படுத்துகின்றனர். அங்கே கத்தியே எழுதுகோல். சுவிட்சர்லாந்துப் படைவீரருக்கு 1891 முதல் வழங்கப்பட்ட புகழ்பெற்ற மடக்குக் கத்தியிலும் கத்தியோடு ஒரு துளையூசி சேர்ந்திருந்தது. ஒரே பிடியில் இரு கருவிகளை மடக்கி வைக்கும் அறிவு நம் கொல்லரிடமும் இருந்தது என்பதை எண்ணி மகிழலாம்.

இனி, தகரப் பெட்டிக்குத் திரும்புவோம். தோட்டத்திற்கு வந்த நம் முன்னோரைப் பற்றி எழுதுவோர், எழுத்தறியாக் கூலிகள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது வழக்கம். இந்திய அரசாங்கம் 1938இல் தடை விதிக்கும் வரை, உதவி பெற்ற தொழிலாளராக மலாயாவுக்கு வந்தோர் பெருந்தொகையினர். கப்பற் பதிவுகள் அவர்களை எண்ணிக்கையாகக் காட்டுகின்றன. அவர்கள் மடியில் என்ன இருந்தது என்று சொல்வதில்லை. பாட்டியின் தாத்தா ஏடு எழுதினாரா, அவருடைய தந்தை எழுதினாரா, வெறும் கத்தியென்றே அதை யாரிடமாவது வாங்கினாரா? இந்த ஒரு பொருளைக் கொண்டு முடிவு கூற இயலாது. ஆனால் இக்கேள்வியை எழுப்ப அந்த ஒரு பொருளாவது வேண்டும். ஐந்தாறு வீடுகளில் ஐந்தாறு எழுத்தாணிகள் கிடைத்தால், கேள்வி ஆராய்ச்சியாகும்.

இதே போன்ற ஊசிக் கத்தி ஒன்று பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டுச் சென்றேன். பழைய இரும்பு வாங்கும் லோரி எனக்கு முன்பே போய்விட்டிருந்தது. துருப்பிடித்த பால்வெட்டுக் கத்திகளோடு அதுவும் எடைக்குப் போயிற்று என்றனர். இரப்பர் மரங்கள் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. லயங்கள் காலியாகும்போது பெட்டிகளும் காலியாகின்றன.

பூனா நகரில் மூக்குக் கண்ணாடி வணிகம் செய்த தினகர் கேல்கர் (1896-1990) என்பார், பாக்குவெட்டி, விளக்கு, மைக்கூடு முதலிய அன்றாடப் பொருள்களை வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்தார். இளமையில் இறந்த தம் மகன் ராஜாவின் பெயரால் அத்தொகுப்பை அமைத்து, மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். இன்று அது பெரியதோர் அருங்காட்சியகம். அரசர் வாளைக் காக்கப் பலர் உண்டு. பாக்குவெட்டியைக் காக்க ஒருவர் வேண்டியிருந்தது.

நமக்கு அத்துணை பெரிய கட்டடம் வேண்டுவதில்லை. பள்ளியில் கண்ணாடிக் கதவிட்ட ஓர் அலமாரி போதும். கிடைத்த கத்தியைச் சாணை பிடிக்கவோ, மணற்றாளால் தேய்த்துப் பளபளப்பாக்கவோ கூடாது. தேய்மானமே அதன் வரலாறு. மென்துணியால் துடைத்து, இரும்பின்மேல் இயந்திர எண்ணெய் சிறிது தடவி, ஈரமில்லா இடத்தில் வைக்க வேண்டும். யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, எதற்குப் பயன்பட்டது என்பவற்றை உரியவர் வாய்மொழியாகவே எழுதிவைத்தல் அதனினும் முக்கியம். குறிப்பில்லாத கத்தி வெறும் இரும்பே.

சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைக் காத்தார். அவ்வேடுகளை எழுதிய இரும்பு இன்னும் சில பெட்டிகளில் கிடக்கக்கூடும். பாட்டி தம் கத்தியை எனக்குத் தரவில்லை, நானும் கேட்கவில்லை. அது எழுத்தாணி என்று மட்டும் எடுத்துச் சொன்னேன். அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம் பேத்தியை அழைத்து, "இதுல எழுதுவாங்களாம்" என்று அவள் கையில் கொடுத்தார். வாசகர்களும் இன்று தம் வீட்டுப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பாராக.