தெற்காசியப் பேரிடர் ஒத்துழைப்பும் தில்லியும்

புயல், வெள்ளம், நிலநடுக்கம், சுனாமி போன்றவற்றை எதிர்கொள்ளத் தெற்காசிய அரசுகள், ஐ.நா. அமைப்புகள், செஞ்சிலுவைச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவை சேர்ந்து இயங்க உருவான ஏற்பாடுகளின் வரலாறு இது. அவற்றில் பல தில்லியில் தொடங்கின. சில அங்கே சில காலம் இருந்துவிட்டு இடம் மாறின. வானிலை எச்சரிக்கை, தெற்காசிய அரசுகளின் கூட்டமைப்பான சார்க்கின் ஒப்பந்தங்கள், தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்புகள் என்று மூன்று தடங்களில் இந்த ஒத்துழைப்பு வளர்ந்தது. அதிகாரிகள் அன்றாட அலுவலாகச் செய்துவந்தது நிலைத்தது. தலைவர்கள் கூடிக் கையெழுத்திட்டவற்றில் பெரும்பகுதி அவர்களுக்கிடையே மனக்கசப்பு வந்ததும் முடங்கியது.

தொடக்கம்

நிவாரண வேலையைப் பல அமைப்புகள் கலந்து பேசிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கத்துக்குத் தில்லியில் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1947 செப்டம்பரில், பிரிவினைக் கலவரத்தின் நடுவே, நகரின் புராணா கிலாவும் ஹுமாயூன் கல்லறை வளாகமும் அகதி முகாம்களாகியிருந்தன. தனித்தனியே வேலை செய்த தொண்டு அமைப்புகளை இணைக்க, எட்வினா மவுண்ட்பேட்டன் தலைமையில் நிவாரணத்துக்கும் நலப்பணிக்குமான கூட்டுக்குழு ஒன்று அப்போது அமைந்தது. அவசரத்துக்கு உருவான அமைப்பு அது. நாடுகளுக்கிடையிலான ஏற்பாடு அல்ல.

எல்லை தாண்டிய ஏற்பாட்டுக்கு வித்திட்டது 1970 நவம்பர் 12 இரவு அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய போலா புயல். இறந்தவர்கள் 3 லட்சத்திலிருந்து 5 லட்சம் பேர் வரை என்று மதிப்பிடப்படுகிறது. அடுத்த ஆண்டே அங்கே போர் மூண்டு, ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட், அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகத்தையே ஐ.நா. உதவிகள் அனைத்துக்கும் ஒருங்கிணைப்பு மையமாக நியமித்தார். 1971 டிசம்பரில் பேரிடர் நிவாரணத்துக்கென்று தனி ஒருங்கிணைப்பு அலுவலகத்தை ஐ.நா. பொதுச்சபை உருவாக்கியது. இன்றைய மனிதாபிமான விவகார ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் மூதாதை அதுதான்.

மௌசம் பவன்

உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய-பசிபிக் ஆணையமும் சேர்ந்து வங்கக் கடல், அரபிக் கடல் நாடுகளுக்காக 1972-இல் வெப்பமண்டலப் புயல் குழுவை அமைத்தன. போலா புயலின் நேரடி விளைவு அது. 1988 முதல் தில்லி லோதி சாலையில் உள்ள இந்திய வானிலைத் துறைத் தலைமையகமான மௌசம் பவன், வட இந்தியப் பெருங்கடலுக்கான வட்டாரச் சிறப்பு மையமாகச் செயல்படுகிறது. கடலில் புயல் உருவாகிவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் இருப்பிடம், வேகம், செல்லும் திசை, கடல் எழும்பக்கூடிய உயரம் ஆகியவற்றைச் சொல்லும் அறிக்கை உறுப்பு நாடுகளுக்குப் போகிறது. டாக்காவுக்கும் கொழும்புக்கும் கராச்சிக்கும் செல்வது ஒரே அறிக்கைதான். அதை வைத்துத் தன் மக்களுக்கு என்ன சொல்வது என்பதை அந்தந்த நாடே முடிவு செய்யும்.

புயல்களுக்குப் பெயர் சூட்டும் வழக்கம் இங்கே 2004-இல் தொடங்கியது. முதலில் எட்டு நாடுகள் பெயர் தந்தன. பிறகு ஈரான், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகியவையும் சேர்ந்தன. 2020 ஏப்ரலில் 13 நாடுகள் தலா 13 பெயர் என 169 பெயர்கள் கொண்ட புதிய பட்டியல் வெளியானது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டதும், பட்டியலில் அடுத்து நிற்கும் பெயரை மௌசம் பவன் சூட்டும். தமிழகக் கரையைத் தாக்கிய புயல்களில் ‘தானே’ மியான்மர் தந்த பெயர். ‘கஜா’ இலங்கை தந்தது. ‘மாண்டஸ்’ அமீரகம் தந்தது. இந்தியா கொடுத்த பெயர்களில் ‘முரசு’, ‘நீர்’ என்று தமிழ்ச் சொற்கள் இரண்டு உண்டு.

இந்த ஏற்பாட்டின் உறுதியைக் காட்ட 2016-ஆம் ஆண்டு ஒன்றே போதும். அந்த ஆண்டு நவம்பரில் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த சார்க் மாநாடு, காஷ்மீரின் உரியில் இந்திய ராணுவ முகாம் தாக்கப்பட்ட பிறகு இந்தியாவும் வேறு சில நாடுகளும் விலகியதால் நின்றுபோனது. அடுத்த மாதம் 12-ஆம் தேதி சென்னையைப் புரட்டிப்போட்ட ‘வர்தா’வுக்குப் பெயர் தந்தது பாகிஸ்தான்தான். மாநாடு நின்றாலும் பெயர்ப் பட்டியல் தன் வரிசைப்படியே போய்க்கொண்டிருந்தது.

எச்சரிக்கை மட்டுமே உயிரைக் காப்பாற்றிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 1999 ஒடிசா பெரும்புயலில் சுமார் 10,000 பேர் மாண்டனர். அதே கரையை 2013-இல் ‘பைலின்’ தாக்கியபோது சாவு சில பத்துகளுக்குள் நின்றது. அதற்குள் ஒடிசாவில் புயல் காப்பகங்கள் எழுந்திருந்தன. லட்சக்கணக்கான மக்களை முன்கூட்டியே வெளியேற்றும் திறன் மாநில அரசுக்கு வந்திருந்தது.

சார்க் மையம்

சார்க் 1985-இல் டாக்காவில் பிறந்தது. 1987 காட்மாண்டு மாநாட்டில் இயற்கைப் பேரிடர்கள் குறித்து வட்டார ஆய்வு ஒன்றுக்கு முடிவெடுத்தார்கள். ஆய்வு 1991-இல் முடிந்தது. 1988-இல் நடைமுறைக்கு வந்த உணவுக் கையிருப்பு ஏற்பாட்டில் 2 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட தானியம் கணக்கில் இருந்தது. அதிலிருந்து எந்த நாடும் எடுக்கவில்லை. தானியம் அந்தந்த நாட்டின் கிடங்கிலேயே கிடந்தது, எடுப்பதற்கான நடைமுறையோ நீளமானது. 2007 தில்லி மாநாட்டில் அது சார்க் உணவு வங்கியாக உருமாறியது.

இந்தியாவுக்குள்ளேயே பேரிடர் நிர்வாகம் இந்த இடைக்காலத்தில்தான் மாறிக்கொண்டிருந்தது. பஞ்ச காலத்து வழக்கப்படி நிவாரணம் மத்திய வேளாண் அமைச்சகத்தின் பொறுப்பில் இருந்தது. 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தின் பின் அது உள்துறைக்கு மாறியது. 2005 டிசம்பரில் பேரிடர் மேலாண்மைச் சட்டம் நிறைவேறி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தேசியப் பேரிடர் மீட்புப் படையும் அமைந்தன. அரக்கோணத்தில் இருக்கும் பட்டாலியன் அந்தப் படையின் நான்காவது பிரிவு.

2004 சுனாமியும் 2005 அக்டோபர் 8 காஷ்மீர் நிலநடுக்கமும் சார்க் தலைவர்களை அவசரப்படுத்தின. பாகிஸ்தான் பகுதியில் மட்டும் 73,000 பேருக்கு மேல் இறந்திருந்தனர். இந்தியா ஹெலிகாப்டர் தர முன்வந்தது. ஓட்டிகள் இல்லாமல் தந்தால் பெற்றுக்கொள்வோம் என்றது பாகிஸ்தான். ஓட்டிகள் இல்லாமல் தர இந்தியா சம்மதிக்கவில்லை. ஹெலிகாப்டர் போகவே இல்லை. ஆனால் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஐந்து இடங்களில் கடவுப்பாதைகளைத் திறக்க இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. அந்த நவம்பரில் கூடிய டாக்கா மாநாட்டுக்குப் பிறகு 2006–2015 காலத்துக்கான பேரிடர் மேலாண்மைச் சட்டகம் உருவானது. 2006 அக்டோபரில் தில்லியில் சார்க் பேரிடர் மேலாண்மை மையம் தொடங்கியது.

அதற்குக் கிடைத்த இடம் இந்திரபிரஸ்தா எஸ்டேட்டில், தேசியப் பேரிடர் மேலாண்மை நிறுவனத்தின் அலுவலகம். அந்த நிறுவனத்தின் இயக்குநராயிருந்த பி. ஜி. தர் சக்கரவர்த்தியே மையத்தையும் நடத்தினார். பயிற்சிகள், ஆண்டறிக்கைகள், துறைவாரியான வழிகாட்டித் திட்டங்கள் என்று மையம் உழைத்தது. ஆனால் மீட்புப் படையோ, கிடங்கோ, எல்லையில் ஒரு லாரியை விடச் சொல்லும் அதிகாரமோ அதற்கு இல்லை. அறிவு மையம் என்ற அளவில் குறை சொல்வதற்கில்லை. பத்திரிகைகள் எதிர்பார்த்த தெற்காசிய மீட்பு அமைப்பு மட்டும் அது அல்ல.

2011 நவம்பரில் மாலத்தீவின் அட்டூவில் இயற்கைப் பேரிடர்களுக்கான துரித உதவி ஒப்பந்தம் கையெழுத்தானது. கேட்ட நாட்டுக்கே உதவி. வரும் குழு அந்த நாட்டின் கட்டுப்பாட்டில் இயங்கும். ஆட்களுக்கும் பொருள்களுக்கும் நுழைவு, சுங்க நடைமுறைகள் தளர்த்தப்படும் என்பவை அதன் சாரம். அது நடைமுறைக்கு வரக் காத்திருந்த காலத்தில், 2015 ஏப்ரல் 25 அன்று, சார்க் தலைமைச் செயலகம் அமைந்த காட்மாண்டுவே நிலநடுக்கத்தில் சிதைந்தது. நேபாளத்தில் சுமார் 9,000 பேர் இறந்தனர். இந்திய மீட்புப் படை அன்றைக்கே போய் இறங்கியது. ‘ஆபரேஷன் மைத்ரி’ என்ற அந்தப் பணி இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் இடையிலானது, சார்க் ஏற்பாடு அல்ல. அந்த ஆண்டு நவம்பரில் தில்லியிலும் சுற்றுப்புறத்திலும் சார்க் நாடுகளின் முதல் கூட்டுப் பேரிடர் ஒத்திகை நடந்தது.

ஒப்பந்தம் ஒருவழியாக 2016 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்பதாம் நாள் உரி தாக்குதல். அந்த ஆண்டில்தான் டாக்கா, மாலே, திம்பு ஆகிய இடங்களில் இருந்த மற்ற சார்க் மையங்களைத் தில்லி மையத்தோடு இணைத்து, எல்லாவற்றையும் குஜராத்தின் காந்திநகருக்குக் கொண்டுபோயினர். தில்லியின் கவனம் வங்கக் கடல் வட்டார நாடுகளைக் கொண்ட, பாகிஸ்தான் இல்லாத பிம்ஸ்டெக் கூட்டமைப்புக்குத் திரும்பியது. 2017 அக்டோபரில் அதன் முதல் பேரிடர் ஒத்திகையும் தில்லி வட்டாரத்திலேயே நடந்தது. 2019-இல் இந்தியா அறிவித்த பேரிடர் தாங்கும் உட்கட்டமைப்புக்கான கூட்டணிக்கும் தலைமையகம் தில்லிதான். ஆனால் அதன் எல்லை தெற்காசியா அல்ல, உலகம்.

தொண்டு நிறுவனங்கள்

அரசுகளுக்கு வெளியே இருந்த ஒருங்கிணைப்பு வேறு மாதிரி வளர்ந்தது. குஜராத் நிலநடுக்கத்துக்குப் பிறகு, உதவி எந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்று வரையறுக்கும் உலகளாவிய ‘ஸ்பியர்’ நெறிகளை இந்தியாவில் பரப்பக் கூடிய நிறுவனங்கள், தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு ‘ஸ்பியர் இந்தியா’ கூட்டமைப்பாயின. ஒரு ஆளுக்கு நாளுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்பவை அந்த நெறிகளில் எண்ணிக்கையாகவே எழுதப்பட்டிருக்கும். பல நிறுவனங்கள் தனித்தனியே கணக்கெடுக்காமல் ஒரே படிவத்தில் சேர்ந்து எடுக்கும் கூட்டுத் தேவைக் கணிப்பு, இந்தக் கூட்டமைப்பு பரப்பிய வழக்கங்களில் முக்கியமானது.

இத்தகைய ஒருங்கிணைப்பின் தேவையை 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்தை விடத் தெளிவாகக் காட்டிய ஊர் இல்லை. தமிழகத்தில் சுனாமிக்குப் பலியான சுமார் 8,000 பேரில் 6,000-க்கு மேற்பட்டோர் அந்த மாவட்டத்தவர். சில நாள்களில் நூற்றுக்கணக்கான அமைப்புகள் வந்து குவிந்தன. நாடெங்கும் இருந்து லாரி லாரியாகப் பழந்துணி வந்து இறங்கியது. வீடும் படகும் இழந்தாலும் மீனவர்கள் கௌரவம் உள்ளவர்கள். பிறர் உடுத்திக் கழித்த துணியைத் தொட மறுத்தார்கள். அவை சாலையோரங்களில் மலையாகக் குவிந்து, அப்புறப்படுத்துவதே தனி வேலையானது. 2005 ஜனவரித் தொடக்கத்தில் ‘சிநேகா’ என்ற உள்ளூர் அமைப்பும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சேர்ந்து, கலெக்டர் அலுவலகத்தோடு கைகோத்து, ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை நிறுவின. எந்தக் கிராமத்தில் யார் என்ன செய்கிறார்கள், எங்கே இன்னும் யாரும் போகவில்லை என்ற தகவலைத் திரட்டிப் பகிர்வதுதான் அதன் முதல் வேலை. தில்லியில் எழுதப்பட்ட பல சட்டகங்களைவிட அந்த ஊர்க் கணக்கு அதிகப் பயன் தந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அண்மைக்காலம்

2025 நவம்பர் இறுதியில் ஏமன் பெயரிட்ட ‘டித்வா’ புயல் இலங்கையைத் தாக்கி 600-க்கு மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கொழும்புத் துறைமுகத்துக்கு வந்திருந்த இந்தியக் கடற்படையின் விக்ராந்த், உதயகிரி கப்பல்களிலிருந்தே முதல் நிவாரணப் பொருள்கள் இறக்கப்பட்டன. ‘சாகர் பந்து’ என்ற பெயரில் மீட்புப் படையும் விமானத்தில் சென்றது. பாகிஸ்தானும் உதவி அனுப்பியது. அதன் விமானத்துக்கு வான்வெளி அனுமதி கிடைத்த வேகம் பற்றித் தில்லியும் இஸ்லாமாபாத்தும் வெவ்வேறு விளக்கம் தந்தன. புயலின் பாதையை முன்கூட்டிச் சொன்ன மௌசம் பவன் அறிக்கைகள் வழக்கம்போல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் போயின.