நைற்றர் குகை: வெடியுப்புத் தந்த மலை

சுண்ணாம்புக்கல் என்றதும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளே நினைவுக்கு வரும். மலையகத்திலும் சுண்ணாம்பு கலந்த பாறைகள் உண்டு. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் எல்லையில் நீளும் நக்கிள்ஸ் மலைத்தொடரில், மீமுறைப் பக்கத்துக் காட்டுக்குள் உள்ள நைற்றர் குகை அவற்றில் ஒன்று. குகை தேடிச் செல்வோர் இன்றும் அங்கு போகிறார்கள்.

வௌவால் எச்சம் சேர்ந்த இக்குகை மண்ணில் வெடியுப்பு விளைந்தது. கண்டி மன்னர்களின் காலத்தில் தொழிலாளர்கள் அதைச் செதுக்கி, விறகுச் சாம்பல் கலந்து, நீரூற்றி வடித்துக் காய்ச்சினார்கள். துப்பாக்கி மருந்துக்கு அதுவே மூலப்பொருள். கரையோரம் அந்நியர் கையிலிருந்த காலத்தில் மலைநாட்டுக்கு அது பெரும் பலம். பிரித்தானியப் படை மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் இக்குகையை விவரித்துள்ளார்.

நக்கிள்ஸ் 2010 முதல் உலக மரபுரிமைப் பகுதி. போருக்கு மருந்து கொடுத்த குகை இப்போது வௌவால்களின் வீடு. போகிறவர்கள் வனத் திணைக்கள அனுமதியோடு போங்கள்; உள்ளே தீ மூட்டாதீர்கள்.